சுற்றுச்சூழலும் மின்சக்தியும்: வாதாடிக்கொண்டே பாடம் நடத்தும் வழக்கறிஞர்

1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உச்ச நீதிமன்றத்திலிருந்து மூன்று உத்தரவுகள் வந்தன. ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு. அது பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது. டிசம்பர் 11 அன்று ஜெகந்நாதன் வழக்கு. கடலோர வயல்களையும் குடிநீரையும் உப்பாக்கிய இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட மனு அது. மறுநாளே, டிசம்பர் 12 அன்று, கோதவர்மன் வழக்கில் இடைக்கால உத்தரவு. நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த மரவெட்டில் தொடங்கிய வழக்கு அது. மூன்றும் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவை.

இன்று இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் நடத்தினாலும் இந்த மூன்றையும் தொடாமல் நடத்த முடியாது. ஆபத்து உறுதியாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்பதும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று சொன்னது வேலூர் வழக்கு. அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பார்வைக்குக் காடாக இருப்பது சட்டத்துக்கும் காடுதான் என்றது கோதவர்மன் உத்தரவு. இந்தத் துறைக்கு வர நினைக்கும் தமிழ் மாணவர் டெல்லியைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. படிக்க வேண்டிய வழக்குகளில் பாதி நம் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் கிடக்கின்றன.

இந்த அத்தியாயம் சுற்றுச்சூழல், மின்சக்தி என்ற இரண்டு சட்டத் துறைகளையும் ஒன்றாகக் கற்று, வாதாடிக்கொண்டே வகுப்பும் எடுக்க விரும்புகிறவர்களுக்கானது. மூன்றையும் ஏன் ஒருவரே செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. என் பதில் இதுதான்: இன்றைய வழக்குகளில் இவை பிரிந்து வருவதில்லை. பிரித்துப் படித்தவர் பாதி வழக்கைத்தான் பார்க்கிறார். பிரியாமல் படிக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, கேள்வி கேட்கும் மாணவர்களுக்கு முன்னால் வாரந்தோறும் நிற்பது.

ஒரே கட்டில் இரண்டு சட்டங்கள்

நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974ஐ எடுத்து 33ஏ பிரிவைப் படியுங்கள். மாசுபடுத்தும் ஆலையை மூட உத்தரவிடும் அதிகாரத்தோடு, அதன் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் அதிகாரமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அங்கேதான் இருக்கிறது. திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கும் நொய்யல் பாசன விவசாயிகளுக்கும் நடந்த நீண்ட வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது, உத்தரவு நடைமுறைக்கு வந்தது ஃபியூஸ் பிடுங்கப்பட்டதால்தான். ஆற்றைக் காக்கும் சட்டத்தின் கை மின்கம்பம் வரை நீள்கிறது.

எதிர்த் திசையிலும் இதே பிணைப்பு உண்டு. ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் உயர்அழுத்த மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகும்படி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்தக் கம்பிகள் சுமந்ததோ சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும். நிலக்கரியைக் குறைக்க வேண்டுமானால் அந்த மின்சாரம் வந்தாக வேண்டும். 2024 மார்ச் 21 அன்று இதே ரஞ்சித்சிங் வழக்கில் நீதிமன்றம் முந்தைய உத்தரவைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றிடம் வேலையைக் கொடுத்தது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21 பிரிவுகளில் அடங்கும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பறவைக்காக வாதாடியவருக்கு மின்தடக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மின் நிறுவனத்துக்காக வாதாடியவருக்கு வனவிலங்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். இனிவரும் வழக்குகளில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தக் கதவைத் தட்டுவது

இளம் வழக்கறிஞர் முதலில் கற்க வேண்டியது வாதத்திறமை அல்ல. எந்த மன்றம், எத்தனை நாளுக்குள் என்ற இரண்டையும்தான்.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கைப் பாருங்கள். ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28 அன்று ஆலையை மூட அரசு ஆணையிட்டது. நிறுவனம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் டிசம்பரில் சாதகமான உத்தரவு பெற்றது. 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆலை மாசுபடுத்தியதா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அந்த மேல்முறையீட்டை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கிடையாது என்பது ஒன்றே காரணம். பிறகு வழக்கு உயர்நீதிமன்றத்தில் புதிதாகத் தொடங்கி, 2020 ஆகஸ்டில் ஆலைக்கு எதிராக முடிந்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தவறான கதவைத் தட்டியதன் விலை என்ன என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியாது.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில், கலச மகாலில் நடக்கிறது. அதன் அதிகாரம் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஏழு சட்டங்களோடு நிற்கிறது. நீர், காற்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, வனப் பாதுகாப்பு, பல்லுயிர் ஆகியவற்றுக்கான சட்டங்கள் அதில் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. யானை வழித்தடத்துக்காக மட்டும் போராடும் ஊர்க்காரர் பெரும்பாலும் உயர்நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். ஒரு திட்டத்துக்குத் தந்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். தொண்ணூறு நாள் கடந்துவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தீர்ப்பாயத்தால் தொட முடியாது. பொதுவான மனு என்றால் வழக்குக் காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். இழப்பீடு கேட்டால் ஐந்து ஆண்டு. இரண்டுக்கும் காரணம் காட்டினால் மேலும் 60 நாள் உண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்கான கட்டணம் ஆயிரம் ரூபாய். ஏழை விவசாயிக்கும் எட்டும் தொகை அது. எட்டாமல் போவது பெரும்பாலும் தேதிதான்.

மின்சாரப் பக்கம் வேறு படிக்கட்டு. வீட்டு மின்கட்டணத் தகராறு என்றால் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர். காற்றாலை உரிமையாளருக்கும் மின்பகிர்மானக் கழகத்துக்கும் பணத் தகராறு என்றால் மின்சாரச் சட்டம் 2003இன் 86(1)(எஃப்) பிரிவின் கீழ் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் 'டி.ஆர்.பி.' எனும் தகராறுத் தீர்வு மனு. ஆணையத்தின் உத்தரவில் குறை இருந்தால் 45 நாளுக்குள் டெல்லி மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். பாக்கித் தொகையைப் பல ஆண்டு கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு ஆணையத்துக்கு ஓடிவரும் காற்றாலைக்காரர்கள் உண்டு. சிவில் வழக்கில் காலாவதியாகிவிட்ட பாக்கியை ஆணையத்திலும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் லான்கோ கொண்டபள்ளி வழக்கில் சொல்லிவிட்டது. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் கதையைக் கேட்பதற்கு முன்னால் தேதியைக் கேளுங்கள்.

மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில்

ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வருகிறவர் வெறுங்கையோடு வரமாட்டார். மஞ்சள் பையிலிருந்து ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைப்பார். உள்ளே கிணற்றுத் தண்ணீர். அடியில் கருநீலமாகப் படிந்திருக்கும். "இதைக் கொண்டுபோய் ஜட்ஜ் அய்யாகிட்டக் காட்டுங்க தம்பி, அவருக்கே புரியும்" என்பார். அந்தப் பாட்டிலை மதியுங்கள். அதோடு, அது மட்டும் போதாது என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை இந்தத் துறையில் இருப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆலையின் கழிவுநீரை வாரிய அதிகாரி மாதிரி எடுக்கும்போது, ஆய்வுக்கு அனுப்பப் போவதாக ஆலை நிர்வாகிக்கு அங்கேயே அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு கலன்களுக்கும் அடையாளமிட்டு, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று தாமதமின்றி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இந்த நடைமுறை தவறினால் ஆய்வு முடிவு சாட்சியமாக ஏற்கப்படாது. ஆலைக்காக வாதாடும் வழக்கறிஞர் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். ஊருக்காக வாதாடுகிறவர் வழக்குப் போடும் முன்னரே அதை அடைத்திருக்க வேண்டும்.

ஆகவே பாட்டிலோடு வந்தவரிடம் நான் சொல்லும் வேலைகள் இவை. தண்ணீர் எடுத்த இடம், நாள், நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். கைபேசியில் இருப்பிடக் குறியோடு படம் எடுங்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு, 21ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்கக் கேட்டுப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆலையின் இசைவாணையையும் முந்தைய ஆய்வறிக்கைகளையும் கேளுங்கள். இசைவாணையில் எவ்வளவு கழிவுநீர், எந்தத் தரத்தில், எங்கே விடலாம் என்று இருக்கும். பொதுவான தரநிலைப்படி ஆறு, ஏரி போன்ற நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) 250 மில்லிகிராம் தாண்டக் கூடாது, பி.எச். 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமாக இருந்தால், ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 என இரு முறை நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையை நிறுவனமே தர வேண்டும். அந்த அறிக்கையையும் இசைவாணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல வழக்குகளில் எதிர்த்தரப்பின் சொந்தத் தாளே உங்கள் முதல் சாட்சி.

மனு போனதும் தீர்ப்பாயம் பெரும்பாலும் ஒரு கூட்டுக் குழுவை அமைக்கும். குழு ஊருக்கு வரும் நாளில் நீங்களோ உங்கள் ஜூனியரோ அங்கே இருக்க வேண்டும். குழு பார்க்காத வாய்க்காலை, அது போகாத தெருவை, அன்றே எழுத்தில் குறிப்பிடுங்கள். அறிக்கை வந்தபின் ஆட்சேபம் போடாமல் விட்டால் அதுவே வழக்கின் முடிவாகிவிடும் அபாயம் உண்டு. தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தீர்ப்பாயம் குழுவிடம் ஒப்படைத்துவிட முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த வரியை எடுத்துக்காட்ட வேண்டியவர் வழக்கறிஞர்தான்.

கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்

மின்சக்தி வழக்கில் கண்ணீர் குறைவு, எண்கள் அதிகம். கோவை, திருப்பூர் பக்கத்து மில்கள் பல சேர்ந்து காற்றாலை நிறுவனம் ஒன்றில் பங்கு வாங்கி, அந்த மின்சாரத்தைத் தங்கள் ஆலைக்கு எடுத்துக்கொள்கின்றன. இதைத் துறையில் 'குரூப் கேப்டிவ்' என்பார்கள். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 3ஆம் விதிப்படி, பயன்படுத்துகிறவர்கள் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்தியிருக்க வேண்டும். 51க்குக் கீழே போனால் அந்த ஆண்டின் மின்சாரம் முழுவதும் சொந்தப் பயன்பாடு என்ற தகுதியை இழக்கும். 'கிராஸ் சப்சிடி சர்சார்ஜ்' என்ற கூடுதல் கட்டணம் தலையில் விழும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு மில் முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டால், எக்செல் தாளைத் திறந்து யூனிட் கணக்கைப் படிக்கத் தெரிந்தவரே அவருக்குப் பயன்படுவார்.

மின்கொள்முதல் ஒப்பந்தம் படிக்கக் கற்பதற்கு எனர்ஜி வாட்ச்டாக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியா 2010இல் தன் நிலக்கரி ஏற்றுமதி விலை விதியை மாற்றியது. அந்த நிலக்கரியை நம்பிக் குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்திருந்த மின்நிறுவனங்கள் கூடுதல் விலை கேட்டன. வெளிநாட்டுச் சட்ட மாற்றம் அந்த ஒப்பந்தம் சொல்லும் 'சட்ட மாற்றம்' ஆகாது, விலையேற்றம் தவிர்க்க முடியாத இடையூறும் ஆகாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடிக்கணக்கான வீடுகளின் மின்கட்டணம் ஒப்பந்தத்தின் ஒரு வரையறைப் பத்தியில் நின்றது. ஒப்பந்தத்தின் வரையறைப் பக்கங்களைத் தாண்டிப் போகும் பழக்கம் உள்ள ஜூனியருக்கு இந்தத் தீர்ப்பைக் கையில் கொடுத்தால் போதும்.

உள்ளே வருவதற்கு

ஐந்தாண்டுப் படிப்போ மூன்றாண்டுப் படிப்போ, எந்த வழியில் வந்தாலும் பரவாயில்லை. வேதியியல், சிவில் பொறியியல், மின்னியல் படித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டம் படிக்க வருகிறவர்களுக்கு இந்தத் துறையில் கூடுதல் பலம் உண்டு என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஆய்வறிக்கையைப் பார்த்து அவர்கள் மிரள்வதில்லை. பார் கவுன்சிலில் பதிவு செய்யும்போது அதிகத் தொகை கேட்டால், 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நினைவில் வையுங்கள். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்; அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

ஜூனியர் காலத்துப் பணக் கஷ்டத்தைப் பற்றி மறைக்காமல் பேசிவிடுகிறேன். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தரும்படி வழிவகை செய்ய 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சேரும் அலுவலகத்தில் இதைத் தயங்காமல் கேளுங்கள். நேரடியாகப் பசுமை வழக்கு மட்டும் பார்க்கும் சீனியரைத் தேடி அலைவதைவிட, ரிட், சிவில் இரண்டும் பார்க்கும் அலுவலகத்தில் சில ஆண்டு இருப்பது நல்லது. அபிடவிட் எழுதவும், குறுக்கு விசாரணைக்கும், பதிவகத்தில் கட்டு திரும்பி வந்தால் குறை தீர்க்கவும் அங்கேதான் பழக முடியும். ஊர் மக்களின் வழக்கில் பெரிய வருமானம் வராது. வேலூர் வழக்கில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவின் உழைப்பைப் பாராட்டிய உச்ச நீதிமன்றம், அவருடைய கட்டணத்துக்கும் கைச்செலவுக்கும் சேர்த்து 50,000 ரூபாய் தரத் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. வீட்டு வாடகைக்கு மின்சக்தி வழக்குகளும் ஒப்பந்த வேலையும் உதவும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. எந்தக் கட்சிக்காரரை ஏற்பது என்ற எல்லையை மட்டும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறை

வழக்கறிஞர் பாடம் நடத்தலாமா என்று பலர் இன்னும் கேட்கிறார்கள். தாராளமாக நடத்தலாம். வழக்கறிஞர்கள் சட்டம் கற்பிக்கும் உரிமைக்கான 1979ஆம் ஆண்டு விதிகள் இதற்கென்றே இருக்கின்றன. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் நடத்தினால், நியமன ஆணையில் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் அது பகுதிநேரப் பணியாகவே கருதப்படும். மூன்று மணி நேரத்தைத் தாண்டும் முழுநேரப் பேராசிரியர் பணி என்றால் தொழிலை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அந்தப் பணிக்கு எல்.எல்.எம். பட்டமும் நெட் போன்ற தகுதியும் தனியே வேண்டும். சில கல்லூரிகளின் பணி விதிகள் இன்னும் இறுக்கமாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

சுற்றுச்சூழல் சட்டம் பார் கவுன்சில் பாடத்திட்டத்தில் கட்டாயப் பாடம். மின்சாரச் சட்டம் பல இடங்களில் விருப்பப் பாடமாகக்கூட இல்லை. நடத்த ஆளில்லாததுதான் பெரிய காரணம். ஆகவே நீங்களே ஒரு பருவத்துக்கான பாடத்தை எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தப் பாடம் வகுப்புக்குள் வந்த வரலாற்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் ஆறு மாதப் பாடத்தை யு.ஜி.சி. வகுத்தது. வழக்கு மன்றத்திலிருந்து வகுப்பறைக்கு வந்த பாடம் இது.

பாடப்புத்தகத்தை மட்டும் நம்பி நடத்தாதீர்கள். 2023ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் சிறைத்தண்டனைப் பகுதி பெரும்பாலும் போய், 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறிவிட்டது. அதே ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரே மாறியது. பழைய பதிப்பைப் படித்துத் தேர்வெழுதிய மாணவர் முதல் வழக்கிலேயே திணறுவார். ஒவ்வொரு பருவத்துக்கும் முன் குறிப்புகளைத் திருத்தும் இந்த வேலை உங்கள் சொந்தத் தொழிலையும் காப்பாற்றும்.

வகுப்பில் பலன் தந்த பயிற்சி ஒன்று. பொது ஆவணமாகக் கிடைக்கும் ஓர் இசைவாணையை எடுத்து, நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டுப் பிரதி எடுத்துக் கொடுப்பேன். கூடவே ஓர் ஆய்வறிக்கை. எந்த நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது, மாதிரி எடுத்த முறை சரியா, எந்த மன்றம், கடைசி நாள் எது என்று எழுத வேண்டும். பிறகு பாதி வகுப்பு ஆயக்கட்டு விவசாயிகளுக்காகவும் பாதி ஆலைக்காகவும் வாதாடும். அடுத்த வாரம் பக்கம் மாற்றிவிடுவேன். பக்கம் மாறும்போதுதான் 21ஆம் பிரிவின் இரண்டாவது கலன் எதற்கு என்று மாணவர்களுக்கு உறைக்கிறது. ஆலைத் தரப்பும் தன் ஆய்வைச் செய்துபார்க்க உரிமையுள்ள தரப்புதான்.

இன்னொன்று கருத்துக்கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து நாளிதழில் அறிவிக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் முன் அவர்கள் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். அருகில் ஒரு கூட்டம் நடந்தால் மாணவர்களைப் பார்வையாளர்களாக அனுப்புங்கள். மக்கள் பேசியதை அவர்கள் தனியே எழுதி வரட்டும். அதிகாரபூர்வக் குறிப்பு வெளியானதும் இரண்டையும் ஒப்பிடட்டும். மீனவப் பெண் ஒருவர் வலை போடும் இடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னது, குறிப்பில் 'வாழ்வாதாரம் குறித்துக் கவலை தெரிவித்தார்' என்று சுருங்கிக் கிடப்பதை மாணவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்க மதிப்பீட்டறிக்கை ஆங்கிலத்தில் இருக்க, ஊருக்குக் கிடைப்பது சில பக்கத் தமிழ்ச் சுருக்கம். 2020இல் வெளியான வரைவு அறிவிக்கையை அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் சட்டம் படிக்கும் அரசுக் கல்லூரி மாணவர்தான் இந்த இடைவெளியை நிரப்பக் கூடியவர் என்று நான் நம்புகிறேன். ஆகவே வகுப்பைத் தமிழில் நடத்தத் தயங்காதீர்கள். தொழில்நுட்பச் சொற்களை மட்டும் வழக்கில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், ஆயிரம் ஏக்கர்ல சோலார் போட்டாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாமாமே, அப்போ வாய்க்காலை மண்ணடிச்சு மூடினா யார்கிட்டப் போறது?" என்று ராமநாதபுரம் பக்கத்து மாணவி ஒருவர் கேட்டார். கேள்வி சரி. சூரிய மின்திட்டமும் காற்றாலையும் 2006 அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. மாசு வகைப்பாட்டிலும் அவை வெள்ளைப் பிரிவு. அன்றைய வகுப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கே போனது. ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் 2007ஆம் ஆண்டுச் சட்டம், வருவாய்த் துறைப் புல வரைபடம், வாய்க்கால் புறம்போக்குப் பதிவு, உயர்நீதிமன்ற ரிட் என்று கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதினோம். கட்சிக்காரர் தனக்குச் சாதகமானதை மட்டும் கேட்பார். மாணவர் சட்டத்தில் ஓட்டை இருக்கும் இடத்தைக் கேட்பார். அந்தப் பலகையில் எழுதியதை அலுவலகக் கோப்பிலும் சேர்த்துவைத்தேன்.

இரண்டு வேலைகளும் மோதும் இடங்கள்

நிலுவையில் உள்ள உங்கள் சொந்த வழக்கை வகுப்பில் எடுக்காதீர்கள். கட்சிக்காரர் நம்பிச் சொன்னது எதுவும் தேர்வுத்தாளில் வரக் கூடாது. முடிந்த வழக்கானாலும் நீதிமன்றப் பதிவேட்டில் உள்ளதை மட்டும் பேசுங்கள். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு வாதாடக் கூடாது என்ற பார் கவுன்சில் விதியை நீங்கள் மட்டுமல்ல, உங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவரும் கவனத்தில் வைக்க வேண்டும். இந்த மாதம் உங்கள் அலுவலகத்தில் விவசாயிகளின் கோப்பைப் பார்த்தவர், அடுத்த மாதம் அதே ஆலையின் சட்டப் பிரிவில் பயிற்சிக்குச் சேரக் கூடும். கோப்பைக் கையில் கொடுக்கும் முன் எழுத்தில் உறுதிமொழி வாங்குங்கள். கல்லூரிக்கு நன்கொடை தரும் நிறுவனத்துக்கு எதிராக நீங்கள் வாதாடுகிறீர்கள் என்றால் முதல்வருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கால அட்டவணை போடும்போது திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்தரைக்குப் பின் வகுப்பு ஏற்காதீர்கள். தீர்ப்பாயப் பட்டியல் முந்தைய நாள்தான் தெரியவரும். மாணவர்களைக் காத்திருக்க வைப்பதும் வாய்தா கேட்பதும் இரண்டுமே தவறு. காலை எட்டு மணி வகுப்பு இந்தத் தொழிலுக்குப் பொருந்தும். சனிக்கிழமையை வரைவு எழுதும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். எடுத்த மணிநேரத்துக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு மாதாமாதம் ஒரு நகல் எடுத்துவையுங்கள். மூன்று மணி நேர வரம்பு பற்றி எப்போதாவது கேள்வி வந்தால் பார் கவுன்சில் கேட்பது அந்தத் தாளைத்தான்.